பெட்டி சொல்லும் வேகம்

என் வீட்டுக் கூடத்தில், இணையக் கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும் மூலையில், ஒரு கைக்கு அடக்கமான உலோகப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் விசிறியும் இல்லை, சப்தமும் இல்லை. செயலியின் உஷ்ணம் ஒரு அலுமினியத் தகட்டின் வழியே பெட்டியின் அடிப்புறத்துக்கு இறங்கிவிடுவதால், தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் வாசலில் நிறுத்தி விசாரித்து, அநுமதிக்கத் தக்கதை மட்டும் உள்ளே விடுகிற ஃபயர்வால் அது. ஸ்விட்சர்லாந்தின் பிசி எஞ்சின்ஸ் செய்த ஏபியு2 என்னும் பலகையும், ஏஎம்டியின் ஜிஎக்ஸ்-412டிசி என்னும் நான்கு கோர் செயலியும் கொண்ட அது, 1 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதாகப் பெயர்; வேலை குறைந்த வேளையில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் செய்யும். உண்மையில் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்துவிட வேண்டும் என ஒரு மாலை உட்கார்ந்தபோதுதான், இந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை நீண்ட சரித்திரம் இருக்கிறது என்பது எனக்கு விளங்கிற்று.

கணினியின் வேகத்தை வேண்டுமென்றே குறைக்கும் வழக்கம் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தோன்றியதன்று. 1981-ஆம் ஆண்டில் ஐபிஎம் வெளியிட்ட பிசியின் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸில் துடித்தது; விசித்திரமான அந்த எண், அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் அலைக்குப் பொருந்துமாறு தேர்ந்தெடுத்த 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பை மூன்றால் வகுத்ததால் கிடைத்தது. அந்தத் துடிப்பையே காலத்தின் அளவாக நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகள், பின்னால் வந்த வேகமான இயந்திரங்களில் கட்டவிழ்ந்து ஓடி ஆடவே முடியாமற் போனபோது, பழைய நடைக்குத் திரும்புவதற்கென்று 'டர்போ' என்றொரு பொத்தானைப் பெட்டியின் முகப்பில் வைத்தார்கள். அதன் அருகே மெகாஹெர்ட்ஸைக் காட்டும் இரண்டு எண்கள் ஒளிரும். பொத்தானை அழுத்தினால் எண் மாறும். ஆனால் அந்த எண் எதையும் அளந்து சொன்னதன்று. உட்புறத்தில் வரிசையாக நின்ற சிறு ஊசிகளில் ஜம்பர்களைச் செருகி, எந்த எண் தெரியவேண்டும் என்பதைப் பெட்டியைக் கூட்டியவரே தீர்மானித்து வைத்திருந்தார். உள்ளே துடிக்கும் வேகமும் முகப்பில் ஒளிரும் எண்ணும் வெவ்வேறு வழியில் வந்தவை என்பதை நான் அறிந்துகொண்டது மிகப் பிற்காலத்தில்தான்.

மின்சாரத்தின் பொருட்டு வேகத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணத்துக்கு உறுதியான ஆதாரம் 1994-இல் கிடைத்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த மார்க் வைசரும் அவருடைய மூன்று சகாக்களும் அவ்வாண்டு சமர்ப்பித்த ஆய்வுரையில், அவசரமாக வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருப்பதைவிட, மெதுவாகத் துடித்து அதே வேலையைப் பரவலாகச் செய்வது குறைந்த சக்தியில் முடியும் என்று காட்டினார்கள். இதன் சூட்சுமம் மின்னழுத்தத்தில் இருக்கிறது. செயலி விழுங்கும் மின்சாரம் துடிப்பின் அளவுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. மெதுவாகத் துடிக்கும் சில்லுக்குக் குறைந்த அழுத்தமே போதும் ஆதலால், வேகத்தைச் சிறிது விட்டுக்கொடுத்தாலும் லாபம் பெரிது. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் இன்டெல் 'ஸ்பீட்ஸ்டெப்' என்ற பெயரில் மடிக்கணினிக்குக் கொண்டுவந்த பென்டியம் 3 செயலி, கம்பியில் மாட்டியிருக்கும்போது 650 மெகாஹெர்ட்ஸும் 1.6 வோல்ட்டுமாகவும், பாட்டரியில் ஓடும்போது 500 மெகாஹெர்ட்ஸும் 1.35 வோல்ட்டுமாகவும் இருந்தது. பெருக்கிப் பார்த்தால், வேகத்தில் காற்பங்குக்கும் குறைவாக இழந்து மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியை மிச்சப்படுத்தியிருப்பது தெரியும். அதே மாதத்தில் டிரான்ஸ்மெட்டா தன் 'குரூஸோ' செயலியை வெளியிட்டது; ஏஎம்டியின் 'பவர்நவ்' முறையும் அதே ஆண்டில் வந்தது.

எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்ற பொறுப்பு பின்னர் இயங்குதளத்தின் தலையில் விழுந்தது. லினக்ஸில் 2004-ஆம் ஆண்டு வெளிவந்த 2.6.9 கருவில், வேலையின் பாரத்தைப் பார்த்துத் தானே வேகத்தை மாற்றும் 'ஆன்டிமாண்ட்' முறை இடம்பெற்றது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் காலின் பெர்சிவல் எழுதிய ஒரு சிறு நிரலை நேட் லாசன் விரித்து அமைத்த 'பவர்டி', 2005-இல் 6.0 பதிப்போடு வந்தது. வேறொரு குறிப்பு கொடுத்தாலன்றி 250 மில்லிநொடிக்கு ஒரு முறை அது கண்விழித்து, செயலி எவ்வளவு சும்மா இருந்தது என்று பார்த்து முடிவுசெய்யும்.

வீட்டு ஃபயர்வாலுக்கு இதனோடு ஆதியில் சம்பந்தமே இல்லை. 2003 பிப்ரவரியில் மானுவல் காஸ்பர் வெளியிட்ட 'மோனோவால்' என்னும் ஃபயர்வால் மென்பொருள் எந்தப் பலகையை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ, அந்த சோக்ரிஸ் நெட்4501-இன் செயலி 133 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. அதில் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? மோனோவாலிலிருந்து 2004-இல் பிஎஃப்சென்ஸும், அதிலிருந்து 2015-இல் ஓபிஎன்சென்ஸும் கிளைத்தன. இவற்றின் அடித்தளம் ஃப்ரீபிஎஸ்டி ஆதலால், பாட்டரியைக் காப்பதற்குப் பிறந்த பவர்டி, பாட்டரியே இல்லாமல் ஆண்டு முழுதும் கம்பியில் மாட்டியிருக்கும் பெட்டிக்குள் குடிபுகுந்தது. இதை வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வாறு நினைக்கவில்லை. 6 வாட் உஷ்ணத்துக்கென்று அமைந்த செயலியில் மிச்சமாவது சொற்பந்தான். ஆனால் விசிறியில்லாத பெட்டிக்குக் கோடையில் ஒவ்வொரு பாகை குறைவும் ஆயுள்.

என் சோதனைக்கு வருகிறேன். எந்தெந்த வேகங்கள் உண்டு என்று இயங்குதளத்தைக் கேட்டால் 1000, 800, 600 என்று மூன்று எண்களைச் சொல்லும். இப்போதைய வேகம் எது என்று கேட்டால் அவற்றுள் ஒன்றைச் சொல்லும். ஆனால் இந்தச் செயலிக்கு, சில கோர்கள் ஓய்ந்திருக்கும் வேளையில் மற்றவற்றை 1400 மெகாஹெர்ட்ஸ் வரை உயர்த்தும் ஆற்றல் உண்டு. 2019-இல் வந்த நிலைபொருள்தான் அதைத் திறந்துவிட்டது. அந்த 1400 என்ற எண் இயங்குதளத்தின் பதிலில் ஒருபோதும் வராது. அது சொல்வது தான் கேட்ட படியை மட்டுமே. அதற்குமேல் வன்பொருள் தானாக ஏறியதை அது அறியாது. பவர்டி 600-லேயே பிடித்து வைத்திருந்தாலோ, அந்த ஏற்றம் நிகழவும் வழியில்லை. உச்சப் படிக்குப் போன பிறகே அது சாத்தியம்.

ஒன்றை அறியும் வழிகளாகச் சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைப் பிரதானமாகக் கொண்டார்கள். திரையில் வரும் எண் உரை. எனக்குக் காண்டல் தேவைப்பட்டது. ஆகவே ஒரே கோரில் ஓடும் குறியாக்கக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, பழைய நிலைபொருளில் ஒரு முறையும், புதியதை ஏற்றிய பின் ஒரு முறையும் ஓடவிட்டு நேரம் பார்த்தேன். 1000-இல் 14 நொடி எடுக்கும் வேலை 1400-இல் 10 நொடியில் முடியவேண்டும் என்பது எளிய வகுத்தல். என் பெட்டியில் நேரம் ஏறத்தாழ அந்த விகிதத்திலேயே குறைந்தது. இரண்டு முறையும் திரை சொன்ன எண் மட்டும் 1000. செயலிக்குள்ளேயே மெய்யான துடிப்பை ஒன்றும் பெயரளவுத் துடிப்பை ஒன்றுமாக எண்ணும் இரண்டு பதிவேடுகள் உண்டு. லினக்ஸில் 'டர்போஸ்டாட்' என்ற கருவி அவற்றை வகுத்து உண்மை வேகத்தைச் சொல்லிவிடும். பின்னொரு நாள் பெட்டியில் லினக்ஸை ஏற்றி அதையும் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தேன்.

பிசி எஞ்சின்ஸ் இந்தப் பலகைகளின் முடிவை 2023-இல் அறிவித்துவிட்டது. என் பெட்டி இன்னும் அந்த மூலையில்தான் இருக்கிறது. அளந்த இரண்டு நேரங்களையும் தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பெட்டியின் அடிப்புறத்தில் சூடு படாத ஓரமாகப் பார்த்து ஒட்டிவைத்திருக்கிறேன்.