காதர்பேட்டை

காதர்பேட்டை, திருப்பூர் மாநகரின் மையத்தில் ரயில் நிலையத்துக்கு அருகே அமைந்துள்ள பின்னலாடை மொத்த, சில்லறை விற்பனைப் பகுதி.

சரக்கு: ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியவை, தரச் சோதனையில் கழிக்கப்பட்ட ‘செகண்ட்ஸ்’, உள்நாட்டுச் சந்தைக்கெனத் தைக்கப்பட்டவை என மூவகை. பனியன், ஜட்டி, டி-சர்ட், இரவு உடை, குழந்தைகள் ஆடை ஆகியவை முதன்மையானவை.

அமைப்பு: குறுகிய தெருக்களில் சிறு கடைகளும் பல மாடி வணிக வளாகங்களும் நெருங்கி அமைந்துள்ளன. வெளியூர்களுக்கான சரக்கு பார்சல் நிறுவனங்கள், ரயில் வழியே அனுப்பப்படுகிறது. கேரளம், கர்நாடகம் உள்ளிட்ட வெளிமாநில வியாபாரிகளும் கொள்முதல் செய்கின்றனர். தீபாவளி, பொங்கலை ஒட்டி விற்பனை உச்சம் பெறும்.

வரலாறு: திருப்பூரின் பனியன் தொழில் தொடக்கத்தில் வெள்ளை உள்ளாடைகளையே சார்ந்திருந்தது. 1970களின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஏற்றுமதி தொடங்கி, 1980களில் பெருகியபின் வண்ண ஆடைகள் உற்பத்தியாயின. அதனுடன் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கின் வணிகமும் வளர்ந்தது. 2023 ஜூன் மாதம் காதர்பேட்டையில் உள்ள பனியன் பஜாரில் ஏற்பட்ட தீ விபத்தில் சுமார் 50 கடைகள் எரிந்தன.

முக்கியத்துவம்: ஏற்றுமதியாகாத ஆடைகளை உள்நாட்டு நுகர்வோரிடம் சேர்ப்பதால், உற்பத்தியாளரின் இழப்பு குறைகிறது; குறைந்த முதலீட்டுச் சிறு வியாபாரிகளாலும் தொழிலில் நுழைய முடிகிறது.