இரண்டு சப்வூபருக்கு ஒரு பெட்டி: அதிர்வு வேறு, இசை வேறு

சில காலத்துக்கு முன் ஒரு தம்பி தனது வானை என்னிடம் கொண்டுவந்தார். பின்னால் 12 அங்குல சப்வூபர் இரண்டு, ஒரே பெட்டியில். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'டும்'. "ஒழுங்கைக்குள்ள வரேக்க அம்மம்மா திடுக்கிட்டு எழும்பிறா அண்ணை. செல் விழுற மாதிரி இருக்காம்," என்றார்.

பெட்டியைக் கழற்றி அளந்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து உள்ளே 50 லீற்றர் இடமே இருந்தது. 10 சென்ரிமீற்றர் விட்டமும் 10 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள குழாய் ஒன்றைப் போர்ட்டாகப் பொருத்தியிருந்தார்கள். கணக்குப் போட்டால் அந்தப் பெட்டி 52 ஹேர்ட்ஸில் பரிவுறுகிறது. மத்தளமோ பேஸ் கிற்றாரோ, அந்த மீடிறனுக்கு அருகே வரும் எல்லாமே ஒன்றாக வீங்கி வெடிக்கிறது. பிழை ஸ்பீக்கரில் இல்லை, பெட்டியில்.

போர்ட் செய்யும் வேலை

வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதி எழும். போர்ட் பெட்டியும் அப்படித்தான். உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில் போலவும், போர்ட்டுக்குள் இருக்கும் காற்று பாரம் போலவும் இயங்குகின்றன. இரண்டும் சேர்ந்து பரிவுறும் மீடிறனில் கூம்பு குறைவாகவே அசையும். பெரும்பாலான ஒலி போர்ட் வழியாக வரும். அதற்குக் கீழான மீடிறன்களில் கூம்பைத் தாங்கப் பெட்டிக் காற்று உதவாது. அது கட்டுப்பாடின்றி ஓடி, சுருள் சேதமடையும்.

இந்தக் கணக்கை ஒலிபெருக்கிகளுக்கு ஒழுங்குபடுத்தியவர்கள் நெவில் தீல், ரிச்சர்ட் சிமோல் ஆகிய இருவர். ஸ்பீக்கரோடு வரும் தாளில் உள்ள அளவுகள் அவர்களின் பெயராலேயே வழங்குகின்றன. உற்பத்தியாளர் போர்ட் பெட்டிக்குப் பரிந்துரைக்கும் கனவளவும் பெரும்பாலும் அந்தத் தாளில் இருக்கும். அதைத் தொலைக்க வேண்டாம்.

கணக்கு

அந்தத் தாள் ஒரு ஸ்பீக்கருக்கு 50 லீற்றர் என்றது. ஆகவே இரண்டுக்கும் 100 லீற்றர். ஒரே அறையில் வைப்பதானால் இரண்டும் ஒரே மாதிரி ஸ்பீக்கர்களாக இருக்க வேண்டும். பரிவு மீடிறனாக 34 ஹேர்ட்ஸைத் தெரிவு செய்தேன்.

போர்ட்டின் பரப்பு லீற்றருக்குச் சுமார் 3 சதுர சென்ரிமீற்றர் இருப்பது நல்லது. குறைந்தால் காற்று இரைச்சலோடு பாயும். 8 சென்ரிமீற்றர் அகலமும் 36 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட பிளவு ஒன்றை எடுத்தேன், பரப்பு 288.

நீளம் காண: 30,000ஐப் பரப்பால் பெருக்கி, மீடிறனின் வர்க்கத்தாலும் லீற்றர் கனவளவாலும் வகுக்க வேண்டும். இங்கே 74.7 வருகிறது. போர்ட்டின் இரு முனைகளிலும் வெளியே உள்ள காற்றும் சேர்ந்து அசைவதால், பரப்பின் வர்க்கமூலத்தை 0.825ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும், அது 14. மிஞ்சுவது ஏறக்குறைய 61 சென்ரிமீற்றர்.

பலர் தவறுவது அடுத்த படியில். 100 லீற்றர் என்பது வெற்றிடம் மட்டுமே. போர்ட்டும் அதன் பலகையும் பிடிக்கும் 21.5 லீற்றர், ஸ்பீக்கர்களின் பின்புறம் பிடிக்கும் 6, குறுக்குச் சட்டங்களின் 2 ஆகியவற்றைக் கூட்டினால் 129.5 லீற்றர். உள்ளளவு 90 × 36 × 40 சென்ரிமீற்றர் என்றால் பொருந்துகிறது. 40 ஆழத்தில் 61 நீளம் நேராக அடங்காது. பக்கச் சுவரோடு பின்னே சென்று, பின்சுவரோடு 'ட' வடிவில் திரும்ப விட வேண்டும். நீளத்தைப் பிளவின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும்.

செய்யும்போது

எமது ஈரக்காற்றுக்கு எம்.டி.எப். பலகை ஊதிவிடும், 18 மில்லிமீற்றர் பிளைவூட் நல்லது. எல்லா மூட்டுக்கும் பசை பூசித் திருகாணி இறுக்குங்கள். காற்றுக் கசிந்தால் கணக்கெல்லாம் வீண்.

இரண்டு கூம்புகளும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்றின் வயர் மாறினால் ஒன்றையொன்று அழித்து, பேஸ் காணாமற்போகும். 1.5 வோல்ற் ரோச் பற்றரியை ஒவ்வொன்றிலும் ஒரே விதமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெளியே தள்ளினால் சரி. ஒரே சுருளுள்ள 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 2 ஓம் வரும். அம்பிளிபையர் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். 28 ஹேர்ட்ஸ் அளவில் கீழ் வடியையும், 80 அளவில் மேல் வடியையும் வையுங்கள். வாகனப் பற்றரியிலிருந்து வரும் வயரில், பற்றரிக்கு 45 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் கட்டாயம்.

ஒரு ஸ்பீக்கர் எரிந்துபோனால் உடனே நிறுத்துங்கள். மற்றது முழுப் பெட்டிக்கும் தனியே அசைந்து அதுவும் போய்விடும்.

ஒழுங்கைக்குள்

புதுப் பெட்டியில் மத்தளமும் பேஸ் கிற்றாரும் வேறுவேறாகக் கேட்டன. ஆனால் தாழ்ந்த ஒலி சுவரையும் கதவையும் தாண்டும். எத்திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. பங்கருக்குள் இருந்து செல்லின் தூரத்தை எண்ணிய காதுகள் எங்கள் ஒழுங்கைகளில் இன்னும் இருக்கின்றன. எந்தப் பெட்டியாலும் அதை மாற்ற முடியாது.

ஆகவே பேஸைக் குறைக்கும் குமிழை ஸ்ரேரிங்குக்குப் பக்கத்தில், கைக்கெட்டும்படி பூட்டிக் கொடுத்தேன். "ஒழுங்கை முகப்பில இதைத் திருப்பிப்போட்டு உள்ள போ தம்பி" என்றேன். அதற்குக் காசு வாங்கவில்லை.