தென்சென்னைப் புறநகரில் ஏதிலியர் குடியமர்வு: பர்மா முதல் ஈழம் வரை

சென்னையின் தென்புறநகரில் ஏதிலியர் குடியமர்வு மூன்று கட்டங்களாக நடந்தது. 1960-களில் தொடங்கி, பர்மாவிலிருந்தும் இலங்கை மலையகத்திலிருந்தும் தாயகம் திரும்பியோர் முதலில் வந்தனர். 1983-க்குப் பிறகு ஈழத்தமிழர் வந்தனர். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ரோஹிங்கியா மக்களும் வேறு சிலரும் சேர்ந்தனர். மூன்று கட்டங்களிலும் தமிழ்நாடு சோறும் கூரையும் தரத் தயங்கவில்லை. ஆனால் வந்தவர்கள் ஊர்க்காரராக ஆவதற்கு எடுத்துக்கொண்ட காலம் கட்டத்துக்குக் கட்டம் பெரிதும் வேறுபட்டது. அந்த வேறுபாட்டுக்கு உதவியின் அளவைவிட அவர்களுக்குக் கிடைத்த சட்டத் தகுதியே காரணம் என்பதை இவ்வட்டாரத்தின் வரலாறு காட்டுகிறது.

1. தாயகம் திரும்பியோர்

பர்மாவில் 1962 மார்ச் மாதம் படைத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமையாயின. அதே ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. தலைமுறைகளாக அங்கே வணிகமும் வட்டித்தொழிலும் கூலிவேலையும் செய்துவந்த தமிழர்கள், சேர்த்ததில் பெரும்பங்கை விட்டுவிட்டுக் கப்பலேறினர். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 1,44,000 பேர் தமிழ்நாட்டுக்கு வந்துசேர்ந்தனர்.

அவர்கள் இந்தியக் குடிமக்களாகவே கரையிறங்கினர். ஆகவே அரசின் திட்டம் நிவாரணத்தோடு நிற்காமல் மறுவாழ்வு வரை சென்றது. வணிகக் கடன், வேலை, வீட்டுமனை ஆகியன வழங்கப்பட்டன. தாயகம் திரும்பியோருக்கென்றே 1969-இல் ரெப்கோ வங்கி சென்னையில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிப் பர்மா பஜார் உருவானது. மாநிலத்தின் பல ஊர்களில் பர்மா காலனிகள் எழுந்தன. தென்புறநகரில் பெருங்குடியில் அப்பெயரைத் தாங்கிய குடியிருப்பு இன்றும் உள்ளது. குடும்ப அட்டை, வாக்குரிமை, அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும் தகுதி ஆகிய மூன்றும் தொடக்கத்திலிருந்தே கைவசம் இருந்ததால், அவர்களின் பிள்ளைகள் காலத்தில் 'திரும்பி வந்தவர்' என்ற அடையாளம் பெயரளவில்தான் எஞ்சியது.

இலங்கை மலையகத் தமிழரின் வருகை 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நேர்ந்தது. நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளரை இலங்கைக்கு அனுப்பிய மண்டபம் முகாமே இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகளை வரவேற்கும் இடமாயிற்று. அங்கிருந்து பலர் நீலகிரியின் அரசு தேயிலைத் தோட்டங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் அனுப்பப்பட்டனர். ஒதுக்கிய இடத்தில் பிழைக்க முடியாமல் நகரங்களை நோக்கி நகர்ந்தவர்களும் உண்டு. குடியுரிமை கிடைத்தும் நிலமோ உறவோ இல்லாத இம்மக்களின் வறுமை நீண்டகாலம் தொடர்ந்தது. குடியமர்வுக்குக் குடியுரிமை இன்றியமையாதது என்றாலும் அது மட்டுமே போதாது என்பதற்கு இவர்களின் அனுபவம் சான்று.

2. ஈழத்தமிழர்: முகாமும் வெளிப்பதிவும்

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலை வன்முறைக்குப் பின் ஈழத்தமிழர் அலை அலையாக வந்தனர். 1987 ஜூலை வரையிலான முதல் அலையில் 1,34,053 பேரும், 1989 முதல் 1991 வரை 1,22,078 பேரும் வந்ததாக அரசின் பதிவுகள் கூறுகின்றன. 1996-க்குப் பிறகும் 2006-க்குப் பிறகும் மேலும் இரு அலைகள் வந்தன. 2012 வரை வந்தோர் மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல்.

தொடக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடங்களும் கிடங்குகளும் முகாம்கள் ஆயின. மாதாந்திரப் பணக்கொடையும் கிலோ 57 காசுக்கு அரிசியும் வழங்கப்பட்டன. பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். ஆனால் இவர்கள் குடிமக்களாக வரவில்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. நாட்டில் அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. எனவே 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் வெளிநாட்டவராகவே இவர்கள் கருதப்பட்டனர்.

இங்கே இரண்டு வகைப் பதிவுகள் தோன்றின. முகாமில் இருப்போர் அரசு உதவி பெற்றனர்; அதற்கு ஈடாக ஆஜர் கணக்கெடுப்புக்கும் வெளியே செல்ல அனுமதி பெறும் விதிக்கும் கட்டுப்பட்டனர். கையில் ஓரளவு பணமோ வெளிநாட்டில் உறவோ இருந்தவர்கள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் வெளிப்பதிவு செய்துகொண்டு வாடகை வீடுகளில் தங்கினர். அவர்களுக்குப் பணக்கொடையும் இல்லை, அரிசியும் இல்லை. 2021-இல் 58,822 பேர் முகாம்களிலும் 34,087 பேர் வெளியிலும் இருந்தனர்.

வெளிப்பதிவு செய்தோரில் பலர் சென்னையையும் அதன் புறநகரையும் தேர்ந்தனர். தென்புறநகர் அவர்களுக்கு வசதியாக அமைந்ததற்கான காரணங்கள் வெளிப்படை. கொழும்பிலிருந்து விமானத்தில் வருவோர் இறங்குவது மீனம்பாக்கத்தில். ராமேசுவரத்திலிருந்து ரயிலில் வருவோர் எழும்பூருக்கு முன் கடப்பது தாம்பரத்தை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வரிசையில் புறநகர் ரயில் ஓடியது. நகரின் நடுப்பகுதியைவிட வாடகை குறைவு. பள்ளிகளும் கோயில்களும் தேவாலயங்களும் அருகருகே இருந்தன. பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் தொழிலும், 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் அமைந்த ஏற்றுமதி மண்டலமும் அவ்வட்டாரத்தை உழைப்பாளர் ஊராக்கின. பிற ஊர்களிலிருந்து வந்தவர்கள் நிறைந்த தெருக்களில் புதியவர் ஒருவர் துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

இங்கே அரசு செய்யாத பணியை உறவும் அக்கம்பக்கமும் செய்தன. முன்பே வந்தவர் பின்னே வந்தவருக்கு வீடு பார்த்துத் தருவதும், பள்ளிச் சேர்க்கைக்குத் துணை போவதும், காவல் நிலையப் படிவத்தை நிரப்பித் தருவதும் வழக்கமாயின. மொழி ஒன்றாக இருந்தது பெரும் நன்மை. ஆயினும் மொழி ஒன்றென்பதால் ஆவணச் சிக்கல் தீரவில்லை.

3. ஏதிலியரே நடத்திய அமைப்பு

ஈழத்தமிழரின் குடியமர்வு வரலாற்றில் தனி இடம் பெறுவது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். ஈழத்தமிழர் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மகன் சா. செ. சந்திரகாசன் 1984-இல் சென்னையில் இதை நிறுவினார். உதவி பெறுவோரே உதவியை நடத்தவும் வேண்டும் என்பது இதன் அடிப்படை. முகாம்களில் மாலை வகுப்பு, மகளிர் குழு, உடல்நலப் பணியாளர் பயிற்சி, உயர்கல்விக்கான வழிகாட்டல் ஆகியவற்றை ஏதிலியரே பொறுப்பேற்று நடத்தினர்.

இக்கழகத்தின் பணிகளில் பிறப்புச் சான்றுப் பணி தனித்துக் கூறத்தக்கது. இந்தியாவில் பிறந்த ஏதிலியர் பிள்ளைகளுக்கு நடைமுறையில் இந்தியக் குடியுரிமை கிடைக்கவில்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்யாவிட்டால் இலங்கைக் குடியுரிமையும் கிடைக்காது. இரு நாடுகளுக்கும் இடையே ஆவணமின்றி நிற்கும் ஒரு தலைமுறை உருவாகாமல் தடுக்கக் கழகம் பல ஆண்டுகள் உழைத்தது.

4. 1991-இன் தாக்கம்

1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் விடுதலைப் புலிகளால் படுகொலை செய்யப்பட்டார். தாம்பரத்துக்கு அருகில் நிகழ்ந்த அக்கொலை தமிழ்நாட்டின் மனநிலையை ஒரே நாளில் மாற்றியது. முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் செல்லத் தடை வந்தது. ஏதிலி மாணவரின் உயர்கல்விச் சலுகைகள் நிறுத்தப்பட்டு, 1996-இல்தான் மீண்டன. வெளிப்பதிவுக் குடும்பங்களுக்கு வீடு தர உரிமையாளர்கள் தயங்கினர். காவல் துறை விசாரணை அன்றாடமாயிற்று. கொலைக்குச் சற்றும் தொடர்பில்லாத பல்லாயிரம் பேர் அதன் சுமையைத் தாங்கினர். 1992-இல் தொடங்கிய திருப்பி அனுப்பும் பணியில் மக்கள் விருப்பத்தோடுதான் செல்கிறார்களா என்று உறுதிசெய்ய, ஐ.நா. அகதிகள் ஆணையம் அவ்வாண்டே சென்னையில் அலுவலகம் திறந்தது. அக்கம்பக்கத்தின் நல்லெண்ணம் மட்டும் பாதுகாப்பாகாது, சட்டத்தின் துணையும் வேண்டும் என்பதை இக்காலம் உணர்த்தியது.

5. கேளம்பாக்கத்தின் ரோஹிங்கியா மக்கள்

மியான்மரிலிருந்து தப்பிய ரோஹிங்கியா குடும்பங்கள் சில, பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் தங்கவைக்கப்பட்டன. ஆண்களில் பலர் பழைய பொருள் சேகரித்துப் பிழைத்தனர். இவர்களுக்கு ஈழத்தமிழரைப் போல மொழியோ உறவோ துணை இல்லை, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டையே அடையாளம். பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியில் தமிழில் கற்றது இவர்களின் வாழ்வில் நிகழ்ந்த பெரிய மாற்றம். பெற்றோருக்கும் ஊருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பவர்கள் அப்பிள்ளைகளே.

6. இன்றைய நிலை

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதன் முக்கியப் பகுதி. குடும்பத் தலைவருக்கான பணக்கொடை 1,500 ரூபாயாக உயர்ந்தது. அகதிகள் முகாம் என்ற பெயரும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாறியது.

குடியுரிமைக் கேள்வி நீதிமன்றங்கள் வழியாகவே சிறிது நகர்ந்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன் என்பது சட்டம். இதன்படி மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அந்த நாளுக்குப் பின் பிறந்தோருக்கு இவ்வழி இல்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, உரிய பயண ஆவணம் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. இது தண்டனை பற்றிய அச்சத்தைப் போக்குகிறது; குடியுரிமையைத் தரவில்லை.

அறுபது ஆண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் மூன்று முடிவுகள் தெளிவாகின்றன. உள்ளூர்ப் பள்ளி எந்த நிவாரணத்தையும்விட வேகமாக ஏதிலியரை ஊரோடு இணைத்தது. ஏதிலியரே நடத்திய அமைப்புகள் வெளியார் உதவியைவிட நீடித்து நின்றன. இவ்விரண்டின் பயனும் முழுமையடைந்தது, குடியுரிமை கையில் இருந்த இடத்தில் மட்டுமே. பர்மாவிலிருந்து வந்தவர் ஒரு தலைமுறையில் ஊர்க்காரரானதும், அதே மொழி பேசிய ஈழத்தமிழர் நாற்பது ஆண்டுகள் கடந்தும் வெளிநாட்டவராகப் பதிவேட்டில் நீடிப்பதும் இந்த வேறுபாட்டின் விளைவே. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டில் படித்து வளர்ந்தவர்களுக்குக் குடியுரிமைக்கான வழியைத் திறப்பதே இக்குடியமர்வில் எஞ்சியிருக்கும் பணி.