கோட்டை மான்கள்

திருகோணமலைக்குப் போனால் நாங்கள் எல்லாரும் பிரட்றிக் கோட்டைப் புள்ளிமான்களோடு ஒரு செல்பி எடுப்போம். அந்தக் கோட்டை, 1624 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கற்களால் கட்டினது. 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிறகு வந்த பிரித்தானியர் 1803 இல் இப்போதைய பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் உள்ளே இராணுவம் இருக்கு.

கொடி மாறின கதையைப் பள்ளிக்கூடத்தில் படிச்சோம். மான்களின் கதையை ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. அதுகள் கோட்டையைத் தாண்டி ரோட்டுக்கும் கடற்கரைக்கும் வருதுகள், குப்பையைக் கிளறுதுகள். வாழைப்பழத்தைக் குடுத்திட்டுச் சொப்பிங் பையை அங்கேயே போடுறது நாங்கள்தான். பாவம், அதையும் சேர்த்துத் தின்னுதுகள்.

கோயிலை இடிச்சது போர்த்துக்கேயர் எண்டு சொல்லலாம். இந்தப் பைக்கு ஆரைச் சொல்லுறது?