கேஷுவல்ஸ் உடை மரபு

கேஷுவல்ஸ் என்னும் பெயர், 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கால்பந்து ரசிகர்களிடையே தோன்றி, டென்னிஸ், கோல்ஃப், பனிச்சறுக்கு ஆகிய விளையாட்டுகளுக்காகப் பிரித்தானிய, ஐரோப்பிய நிறுவனங்கள் தயாரித்த உயர்விலை உடைகளைத் தங்கள் அன்றாட உடையாக்கிக்கொண்ட இளைஞர் கூட்டத்தையும் அக்கூட்டம் வளர்த்த உடை மரபையும் குறிக்கும். இம்மரபுக்குரிய பழைய சட்டைகளும் டிராக் சூட்களும் மேலங்கிகளும் காலணிகளும் இன்று சேகரிப்பாளர்களால் தேடி வாங்கப்படுகின்றன. வசதி படைத்தோரின் விளையாட்டுக் கழகங்களை மனத்தில் வைத்துத் தைக்கப்பட்ட உடை, துறைமுக நகரங்களிலும் ஆலை நகரங்களிலும் வாழ்ந்த உழைப்பாளர் குடும்பத்து இளைஞர்களின் அடையாளமாக மாறியதே இதன் வரலாற்றின் மையப் பொருளாகும்.

பிரித்தானிய முன்னோடிகள்

பிரித்தானியாவில் ஓய்வுநேர உடை என்னும் வகை, வேட்டை, படகோட்டம், கோல்ஃப் முதலிய மேல்தட்டுப் பொழுதுபோக்குகளை ஒட்டி 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. மழையும் குளிரும் மிகுந்த நாட்டில் திறந்தவெளியில் நெடுநேரம் இருப்பதற்கேற்ற துணி தேவைப்பட்டதால், 1851இல் தொடங்கப்பட்ட அக்குவாஸ்கூட்டம் நிறுவனம் நீர் புகாத கம்பளித் துணியையும், 1856இல் பேசிங்ஸ்டோக் நகரில் கடை திறந்த தாமஸ் பர்பெர்ரி 1879இல் கேபர்டின் என்னும் நெருக்கமான நெசவுத் துணியையும் உருவாக்கினர். நெய்த பிறகு துணிக்கு மெழுகோ ரப்பரோ பூசுவதற்கு மாறாக, நூலுக்கே நீர்காப்புப் பதம் கொடுத்துப் பின்னர் நெருக்கமாக நெய்தமையால், கேபர்டின் மழையைத் தடுத்ததோடு காற்றோட்டமும் உடையதாக இருந்தது.

பின்னலாடைத் தொழில் ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதியிலுள்ள ஹாவிக் நகரில் வேரூன்றியது. அங்கு 1815இல் தொடங்கிய பிரிங்கிள் நிறுவனமும் 1874இல் தொடங்கிய லைல் அண்ட் ஸ்காட் நிறுவனமும் முதலில் காலுறைகளையும் உள்ளாடைகளையும் பின்னி வந்து, 20ஆம் நூற்றாண்டில் மென்கம்பளி ஸ்வெட்டர்களுக்கு மாறின. பல நிறச் சாய்சதுரங்களை அடுக்கிப் பின்னும் ஆர்கைல் கோலம் பிரிங்கிளின் அடையாளமாயிற்று. இவ்வகை ஸ்வெட்டர்கள் கோல்ஃப் திடல்களின் வழக்கமான உடையாயின. 1937இல் மான்செஸ்டரைச் சேர்ந்த பராக்கூட்டா நிறுவனம் ஜி-9 என்னும் குட்டையான ஜிப் மேலங்கியை அறிமுகப்படுத்தி, ஃபிரேசர் குலத்தின் கட்டம்போட்ட துணியை அதன் உள்துணியாக வைத்தது. பிற்காலத்தில் ஹாரிங்டன் என்று பெயர்பெற்ற மேலங்கி வகைக்கு இதுவே மூலமாகும்.

டென்னிஸ் சட்டை

1920கள் வரை டென்னிஸ் ஆட்டக்காரர்கள் முழுக்கை வெள்ளைச் சட்டையும் ஃபிளானல் காற்சட்டையும் அணிந்தே ஆடினர். முதலை என்னும் பட்டப்பெயரால் அறியப்பட்ட பிரெஞ்சு ஆட்டக்காரர் ரெனே லக்கோஸ்ட், வெப்பத்தில் இவ்வுடை தரும் இடைஞ்சலைத் தவிர்க்க விரும்பி, அரைக்கையும் மென்மையான காலரும் கொண்ட பின்னல் சட்டையை அணியத் தொடங்கினார். மேற்பரப்பில் சிறு குழிகள் நெருங்கிய, வியர்வை எளிதில் உலரும் பருத்திப் பின்னல் துணியான பிக்கே இதற்குப் பயன்பட்டது. 1933இல் பின்னலாடை உற்பத்தியாளர் ஆந்திரே ஜில்லியருடன் கூட்டுச் சேர்ந்து அவர் இச்சட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் மார்பில் தைக்கப்பட்ட முதலைச் சின்னம், நிறுவன அடையாளத்தை உடையின் வெளிப்புறத்தில் காட்டும் வழக்கத்துக்குத் தொடக்ககால எடுத்துக்காட்டாகும்.

இங்கிலாந்தில் இதற்கு இணையான சட்டையை 1952இல் ஃபிரெட் பெரி வெளியிட்டார். ஸ்டாக்போர்ட்டில் பிறந்து, தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மகனாக வளர்ந்த பெரி, 1934 முதல் 1936 வரை தொடர்ந்து மூன்று முறை விம்பிள்டன் பட்டம் வென்றவர். காலரிலும் கைவிளிம்பிலும் வண்ணக் கரை ஓடும் அவரது சட்டையை, 1960களில் இத்தாலியத் தையலிலும் ஸ்கூட்டரிலும் நாட்டம் கொண்ட மாட்ஸ் என்னும் நகர்ப்புற இளைஞரும், அப்பத்தாண்டின் இறுதியில் ஸ்கின்ஹெட்ஸ் என்னும் மொட்டைத்தலை இளைஞரும் ஏற்றனர். விளையாட்டு உடை விளையாட்டுத் திடலோடு தொடர்பற்றவர்களின் தெரு உடையாக இடம்பெயர்வது இவ்வாறு கேஷுவல்ஸ் தோன்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இத்தாலிய, ஜெர்மானிய நிறுவனங்கள்

1968இல் பெரும் டென்னிஸ் போட்டிகள் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிடப்பட்டதும், வண்ணத் தொலைக்காட்சி பரவியதும் விளையாட்டு உடைத் தொழிலின் போக்கை மாற்றின. வட இத்தாலியின் பியெல்லா பகுதியில் 1911 முதல் துணித் தொழில் நடத்திவந்த ஃபிலா, 1970களில் டென்னிஸ் உடைக்கு மாறி, சுவீடனின் பியோர்ன் போர்க்கைத் தன் முகமாக்கிக்கொண்டது. 1966இல் இத்தாலிய டென்னிஸ் வீரர் செர்ஜியோ டக்கினி தம் பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் உடைகளை அமெரிக்கரான ஜான் மெக்கன்ரோ அணிந்தார். பெருஜியா நகரில் 1959இல் லெயோனார்தோ செர்வாதியோ நிறுவிய எல்லெஸ்ஸே, பனிச்சறுக்குக் காற்சட்டைகளால் புகழ்பெற்று டென்னிஸுக்கும் விரிந்தது. 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டன் பட்டம் வென்ற போர்க்கின் ஆட்டங்கள், ஃபிலாவின் மெல்லிய கோடுகளிட்ட சட்டைகளுக்கும் ஜிப் மேலங்கிகளுக்கும் வேறெந்த விளம்பரமும் தந்திருக்க முடியாத புகழைத் தேடித்தந்தன.

ஜெர்மனியில் ஹெர்ட்சோகனாவ்ராக் என்னும் சிற்றூரைச் சேர்ந்த அடால்ஃப் டாஸ்லர் 1949இல் அடிடாஸ் நிறுவனத்தைப் பதிவுசெய்தார். அதற்கு முந்தைய ஆண்டில் அவருடைய அண்ணன் ருடால்ஃப் அதே ஊரில் பூமா நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். முதலில் காலணிகளை மட்டுமே செய்துவந்த அடிடாஸ், கால்பந்து வீரர் ஃபிரான்ஸ் பெக்கன்பவரின் பெயர்தாங்கிய டிராக் சூட்டை 1967இல் வெளியிட்டு உடைத்துறையில் இறங்கியது.

கால்பந்து மேடைகளில்

1977 முதல் 1982 வரையிலான ஆறு ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை லிவர்பூல், நாட்டிங்காம் ஃபாரஸ்ட், ஆஸ்டன் வில்லா ஆகிய ஆங்கிலக் கழகங்களே தொடர்ந்து வென்றன. இதனால் ஆயிரக்கணக்கான ஆங்கில ரசிகர்கள் ஆண்டுதோறும் ரோம், பாரிஸ், மியூனிக் போன்ற நகரங்களுக்குப் பயணம் செய்யும் நிலை உருவாயிற்று. இங்கிலாந்தில் அரிதாகவோ விற்பனைக்கு வராமலோ இருந்த லக்கோஸ்ட் சட்டைகளையும் அடிடாஸ் காலணிகளையும் அவர்கள் அந்நகரங்களின் விளையாட்டுப் பொருள் கடைகளில் கண்டனர். சிலர் காசு கொடுத்து வாங்கினர், சிலர் திருடினர். ஊர் திரும்பியவர்களின் உடை, அரங்கில் ரசிகர்கள் நின்று ஆட்டம் பார்க்கும் தம் மேடையில் பிறர் எவரிடமும் இல்லாத ஒன்றாக இருந்தமையே அதன் பெருமையாயிற்று.

இவ்வழக்கம் முதலில் வேரூன்றியது லிவர்பூலிலா மான்செஸ்டரிலா என்பதில் இரு நகரத்தாரும் இன்றும் உடன்படுவதில்லை. லிவர்பூலில் இவ்விளைஞர்கள் ஸ்காலி என்றும், மான்செஸ்டரில் ஃபிரெட் பெரி சட்டையால் பெரி பாய்ஸ் என்றும் அழைக்கப்பட்டனர். லண்டனில் வழங்கிய கேஷுவல்ஸ் என்னும் பெயரே பின்னர் பொதுப்பெயராக நிலைத்தது. நெற்றியில் சரிந்து விழும் வெட்ஜ் முடிவெட்டு, ஒடுங்கிய ஜீன்ஸ், அடிடாஸ் காலணி ஆகியவை தொடக்க அடையாளங்களாக இருந்தன. 1980களின் முற்பகுதியில் ஃபிலா, டக்கினி ஆகியவற்றின் டிராக் சூட்களும், பிரிங்கிள், லைல் அண்ட் ஸ்காட் ஆகியவற்றின் கோல்ஃப் ஸ்வெட்டர்களும், பர்பெர்ரி மழையங்கிகளும் இவற்றோடு சேர்ந்தன. எல்லோரும் ஒன்றை அணியத் தொடங்கியதும் முன்னோடிகள் அதைக் கைவிட்டு வேறொன்றைத் தேடியமையால், பருவத்துக்குப் பருவம் மாறும் போட்டியாக இது நடந்தது. வேலையின்மை கடுமையாக இருந்த அக்காலத்தில், பெரும் விலையுள்ள உடையை அணிந்து மேடையில் நிற்பது தம் நிலையைத் தாழ்வாகக் கருதியவர்களுக்கு விடுத்த அறைகூவலாகவும் அமைந்தது.

வன்முறையுடனான தொடர்பு

கழகத்தின் நிறமோ கழுத்துத்துணியோ அணியாத, விலையுயர்ந்த உடையிலிருந்த இளைஞர்களைக் காவல் துறையினர் தொடக்கத்தில் கலகக்காரர்களாக ஐயுறவில்லை. எதிரணி ரசிகர்களுடன் மோதலைத் திட்டமிட்ட குழுக்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டமையால், கேஷுவல்ஸ் என்னும் பெயரே வன்முறையோடு பிணைந்தது. 1985இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் 39 பேர் இறந்த நிகழ்வுக்குப் பின் ஆங்கிலக் கழகங்கள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டபோது, இம்மரபை வளர்த்த அயல்நாட்டுப் பயணங்களும் நின்றன. எனினும் இவ்வுடையை அணிந்தோரில் பெரும்பாலோர் உடையிலும் ஆட்டத்திலும் மட்டுமே நாட்டம் கொண்டிருந்தனர் என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

இரண்டாம் கட்டம்

1980களின் நடுவில் பளிச்சிடும் டிராக் சூட்களின் இடத்தை அடக்கமான நிறமுடைய மேலங்கிகள் பிடித்தன. இம்மாற்றத்தில் போலோனியா நகரின் மாசிமோ ஓஸ்திக்கு முதன்மையான பங்குண்டு. சி. பி. கம்பெனி நிறுவனத்தை நடத்திய அவர், தைத்து முடித்த ஆடையை முழுமையாகச் சாயத்தில் தோய்க்கும் முறையை வளர்த்தெடுத்தார். பல்வகை நூல்கள் சாயத்தை வெவ்வேறு அளவில் ஏற்பதால் ஒரே ஆடையில் நுட்பமான நிறவேறுபாடுகள் தோன்றின. சரக்கு வண்டிகளை மூடும் தார்ப்பாயை ஒத்த, இரு பக்கமும் வேறு நிறம் கொண்ட துணியைக்கொண்டு 1982இல் அவர் ஸ்டோன் ஐலண்ட் என்னும் பிரிவைத் தொடங்கினார். இடக்கையில் பொத்தானால் பொருத்தப்படும் அதன் திசைகாட்டிச் சின்னம், 1990களில் ஆங்கில மேடைகளின் அடையாளமாயிற்று.

பரவிய புகழ் சில நிறுவனங்களுக்குச் சங்கடமாகவும் முடிந்தது. பர்பெர்ரியின் கட்டம்போட்ட துணியைக் கலகக்காரர்களோடு இணைத்துச் செய்தித்தாள்கள் எழுதியதையடுத்து, அந்நிறுவனம் 2004இல் அத்துணியாலான தொப்பிகளின் விற்பனையை நிறுத்தியது.

சேகரிப்பும் பாதுகாப்பும்

ஐரோப்பிய ஆலைகளில் நடந்த உற்பத்தி 1980களிலிருந்து படிப்படியாக ஆசிய நாடுகளுக்கு நகர்ந்தது; திருப்பூர் ஐரோப்பியச் சந்தைக்கான பின்னலாடை ஏற்றுமதி மையமாக வளர்ந்ததும் இக்காலத்திலேயே ஆகும். பிரிங்கிள் தன் ஹாவிக் ஆலையை 2008இல் மூடியது. ஃபிரெட் பெரி 1995இல் ஜப்பானிய நிறுவனத்திடமும், ஃபிலா 2007இல் கொரிய நிறுவனத்திடமும் சென்றன. இதனால் மூலநாட்டில் தயாரான உடைகளின் மதிப்பு உயர்ந்தது.

ஓர் உடையின் காலத்தைக் கணிக்கச் சேகரிப்பாளர்கள் முதன்மையாகக் கழுத்துப்பட்டைச் சீட்டையே நம்புகின்றனர். மேற்கு ஜெர்மனி, யூகோஸ்லாவியா ஆகிய பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தால், அந்நாடுகள் மறைவதற்கு முன் உடை தயாரானது என்பது தெளிவு. அடிடாஸ் பொருளில் 1972 முதல் புழங்கிய மூவிலைச் சின்னம் உண்டா என்பதும், ஜிப்பைச் செய்த நிறுவனத்தின் முத்திரையும் துணைச் சான்றுகளாகும். பருத்தியும் கம்பளியும் கவனத்தோடு வைத்தால் நெடுங்காலம் நிலைக்கும். காலணிகளின் பாலியூரித்தேன் அடிப்பகுதியோ காற்றின் ஈரத்தால் சிதைந்து, அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் நொறுங்கிவிடும்.

இந்நூற்றாண்டில் நிறுவனங்களே தம் பழைய வடிவங்களை மீண்டும் தயாரிக்கத் தொடங்கின. அடிடாஸ் 2014இல் தொடங்கிய ஸ்பெஸியல் வரிசை இத்தகையது. இவ்வுடைகளை வடிவமைத்தவர்கள் ஆட்டக்காரர்களையும் கழக உறுப்பினர்களையுமே எண்ணியிருந்தனர். அவற்றுக்கு இன்றுள்ள வரலாற்று மதிப்பைப் பெரும்பாலும் ஈட்டித்தந்தவர்கள், டென்னிஸ், கோல்ஃப் திடல்களில் ஒருபோதும் ஆடியிராத கால்பந்து ரசிகர்களே ஆவர்.