நகத்தால் போட்ட கோலத்துக்கு யார் பெயர்?

சாதாரண தரத்தில் மறுமலர்ச்சி என்று நாங்கள் படிச்சது லியொனார்டோவையும் மைக்கலாஞ்சலோவையும்தான். கரண்டியும் கத்தி உறையும் அந்தப் பாடத்துக்குள்ள வரேல்லை. ஆனா அந்தக் காலக் கலை சாதாரண வீடுகளுக்குள்ள போனதே இப்படியான பொருட்கள் வழியாத்தான்.

1530களில் ஜெர்மனியின் சோஸ்ட் நகரில் இருந்த ஹைன்ரிக் அல்டெக்ரேவர், கத்தி உறைக்குப் போடுற கொடி, இலை அலங்காரங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சடித்தார். பொற்கொல்லர்கள் அதைப் பார்த்துப் பொருள் செய்தார்கள். தாளில் தன் பெயரைக் குறிக்கும் எழுத்துகளையும் போட்டார். கிட்டத்தட்ட 500 வருசம் கழிச்சும் அவரை எங்களுக்குத் தெரியிறது அதனாலதான்.

ஐரோப்பிய அச்சுப்படங்கள் போர்த்துக்கேயரோட இலங்கைக்கும் வந்தன. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோட்டேயில் செய்த தந்தப் பேழை ஒன்று இப்ப லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கு. அதிலுள்ள கிறிஸ்தவக் காட்சிகள் பிரெஞ்சு ஜெபநூல் படங்களைப் பார்த்துச் செதுக்கியவை. அதை 'ரொபின்சன் பேழை' என்கிறார்கள். ரொபின்சன் அதைச் செதுக்கினவர் இல்லை, பிற்காலத்தில் வைத்திருந்தவர்!

இனி எங்கட மாத்தளைக்கு வருவம். ஹபுவிட கிராமத்து அரக்கு வேலைக்கு அச்சுத்தாளே கிடையாது. நிறம் சேர்த்த அரக்கைக் கரிநெருப்பில் இளக்கி, நூலாக இழுத்து, சூடான மரத்தில் ஒட்டி, பெருவிரல் நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் கோலம் போடுவார்கள். சிங்களத்தில் 'நியபொதென் வெட', அதாவது நகவேலை. கைத்தடி, பெட்டி, ஏட்டுச் சட்டம் எல்லாம் இப்படித்தான் அழகாகின. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட மத்தியகால சிங்களக் கலை பற்றிய நூலில் இந்த வேலையையும் பதிவு செய்தார்.

ஜெர்மன்காரரின் வடிவம் தாளில் இருந்தது. ஆள் போனாலும் தாள் மிஞ்சியது. மாத்தளை வடிவம் விரலில் இருக்கு. ஒரு தலைமுறை கைவிட்டால், பார்த்துப் போட ஒன்றும் மிஞ்சாது. ஒன்றைக் 'கலை' என்றும் மற்றதைக் 'கைத்தொழில்' என்றும் பிரிக்கிறது வேலையின் தரமில்லை. பெயர் எழுதி வைச்சதும் வைக்காததும்தான்.

அடுத்தமுறை அரக்குப் பெட்டி ஒன்று வாங்கினால், விலையோட செய்தவரின் பெயரையும் கேட்பம். அடியில எழுதியும் வைப்பம்.