கான்கிரீட்டுக்குள் 'டயப்பர்' பொடி: தண்ணீர் ஊற்றாமலே கியூரிங் ஆகிவிடுமா?

புதிதாக கான்கிரீட் போட்ட தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதையும், தூண்களில் ஈரச் சாக்கு சுற்றுவதையும் பார்த்திருப்பீர்கள். இதுதான் கியூரிங். கான்கிரீட் 'காய்ந்து' இறுகுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. ஈரம் சீக்கிரம் போய்விட்டால் அந்த வினை பாதியிலேயே நின்றுவிடும்.

அதனால்தான் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும், வெப்பமும் வறட்சியும் உள்ள இடங்களில் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456:2000 தரவிதி.

உள்ளே ஏன் தண்ணீர்?

அதிக வலிமை கொண்ட கான்கிரீட்டில் தண்ணீர் மிகக் குறைவாகவே சேர்க்கப்படும். இறுகும்போது அந்தத் தண்ணீரும் வினையில் செலவாகி, உட்புறம் வறண்டு, சுருங்கி, வெடிப்பு விடும். கான்கிரீட் நெருக்கமாக இருப்பதால், மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஆழத்துக்குப் போகாது.

இதற்குத்தான் நீர் உறிஞ்சும் பாலிமர் பொடி. குழந்தைகளின் டயப்பரில் இருப்பதும் இதே வகைதான். தூய நீரை எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல் குடிக்கும் இது, உப்பும் காரமும் நிறைந்த சிமென்ட் கரைசலில் சுமார் 10 முதல் 20 மடங்குதான் குடிக்கும். சிமென்ட் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்தால் போதும். கலவையில் ஊதி நிற்கும் பொடி, உட்புறம் வறளும்போது தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கும்.

டென்மார்க்கில் ஜென்சன், ஹான்சன் ஆகிய ஆய்வாளர்கள் 2001-ல் இந்த முறையை விளக்கினர். 2006 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்னில் கட்டப்பட்ட மெல்லிய சுவர் மண்டபத்தில் இது பயன்பட்டது.

குறை இல்லையா?

இருக்கிறது. பொடி குடிக்கும் அளவுக்குக் கூடுதல் தண்ணீர் சேர்க்காவிட்டால் கலவை இறுகி, வேலை செய்ய வராது. தண்ணீரைக் கொடுத்தபின் பொடி இருந்த இடம் சிறு துளையாகிவிடும். அதனால் வலிமை கொஞ்சம் குறையலாம்.

நம்ம வீட்டுக்குத் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. வீட்டுக்குப் போடும் எம்20 கான்கிரீட்டில், சிமென்ட் எடையில் பாதியளவு தண்ணீர் ஏற்கெனவே இருக்கும். அங்கே எதிரி, மேற்பரப்பில் ஆவியாகும் ஈரம். அதைப் பொடி தடுக்காது. "இதைப் போட்டா தண்ணியே ஊத்த வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீங்க. உயர்வலிமை கான்கிரீட்டில்கூட இது வெளிக் கியூரிங்குக்குத் துணைதான், மாற்று அல்ல.

தண்ணீர் தட்டுப்பாடா? ஈரச் சாக்கின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டை மூடி வையுங்கள். ஊற்றிய தண்ணீர் ஆவியாகாமல் நிற்கும்.